புழு எந்தச் செடியில் இருந்தது?

வீட்டில் கறிவேப்பிலைச் செடி இருந்தால் இந்த வாரம் ஒரு தடவை அதன் பக்கத்தில் போய் நின்று பாருங்க. ஏதாவது ஒரு இலையில் காக்கா எச்சம் மாதிரி ஒன்று ஒட்டியிருக்க வாய்ப்பு இருக்கு. துடைக்கப் போயிடாதீங்க, கொஞ்ச நேரத்தில் அது நகரும். அது ஒரு வண்ணத்துப்பூச்சியின் புழு. வளர வளரப் பச்சையாக மாறிவிடும். எலுமிச்சைச் செடியிலும் இதே புழு கிடைக்கும். ஆனால் பக்கத்துத் தொட்டியில் செம்பருத்தி தளதளன்னு இருந்தாலும் அதைத் தொடாது. கறிவேப்பிலையைப் பிடுங்கிவிட்டுச் செம்பருத்தி இலையை மட்டும் கொடுத்தால் பட்டினி கிடந்து செத்துப்போகும்.

எந்தப் புழு எந்தச் செடியைத் தின்னும் என்பதை ஒரு பெரிய விஷயமாக எடுத்துக்கொண்டு, அதற்காக ஐம்பது வருஷத்துக்கு மேல் செலவழித்த ஒரு பெண்மணியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பெயர் மரியா சிபில்லா மேரியன். ஜெர்மனியில் யூரோ வருவதற்கு முன்னால் புழங்கிய 500 மார்க் நோட்டில் இவர் முகம்தான் இருந்தது. நோட்டைத் திருப்பினால் ஒரு செடி, அதில் ஒரு புழு, ஒரு அந்துப்பூச்சி.

மேரியன் பிறந்தது 1647 ஏப்ரல் 2, ஃபிராங்ஃபர்ட் நகரில். அப்பா மத்தேயுஸ் மேரியன் பெரிய பதிப்பாளர், செம்புத் தகட்டில் படம் செதுக்கி அச்சடிப்பதில் ஐரோப்பா முழுக்கப் பெயர் வாங்கியவர். மகளுக்கு மூன்று வயதாகும்போது அவர் இறந்துவிட்டார். அம்மா மறுமணம் செய்துகொண்டது யாக்கோப் மாரெல் என்ற ஓவியரை. பூக்களை வரைவது அவருடைய தொழில். அவர்தான் இந்தச் சின்னப் பெண்ணுக்குத் தூரிகை பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். அந்தக் காலத்துப் பூ ஓவியங்களில் ஓரமாக ஒரு வண்ணத்துப்பூச்சி, ஒரு வண்டு இருக்கும். சும்மா அலங்காரத்துக்கு. அந்தப் பூச்சிக்கும் அந்தப் பூவுக்கும் சம்பந்தம் இருக்கணும்னு யாரும் கவலைப்படவில்லை.

பதின்மூன்று வயதில் மரியா பட்டுப்புழு வளர்க்க ஆரம்பித்தார். ஃபிராங்ஃபர்ட்டில் பட்டு வியாபாரம் இருந்தது, புழு கிடைத்தது. முட்டை, புழு, கூடு, அந்துப்பூச்சி என்று ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்துப் பார்த்து வரைந்தார். அப்புறம் தோட்டத்தில் கிடைத்த மற்ற புழுக்களும் இப்படித்தான் மாறுமா என்று ஒரு சந்தேகம். அவற்றையும் பிடித்துப் பெட்டியில் போட்டு வளர்த்தார்.

இதில் என்ன பெரிய விஷயம்னு தோணலாம். ஆறாம் வகுப்பு அறிவியலிலேயே நமக்குப் படம் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் 1660-இல் நிலைமை வேறு. பூச்சிகள் சேற்றிலிருந்தும் அழுகிய இறைச்சியிலிருந்தும் தானாக உண்டாகின்றன என்று படித்தவர்களிலேயே பலர் நம்பிய காலம் அது. மூடிய பாத்திரத்து இறைச்சியில் புழு வராது என்று இத்தாலியில் ஃபிரான்செஸ்கோ ரெடி சோதனை செய்து வெளியிட்டது 1668-இல். அதற்கு எட்டு வருஷம் முன்பே ஒரு பள்ளி வயதுப் பெண் தினமும் புது இலை பறித்துப் போட்டு, எது எப்போது கூடு கட்டியது என்று குறித்துக்கொண்டிருந்தார்.

புழு வளர்க்கும்போதே அந்தப் பாடம் வந்துவிடும். எந்த இலையிலிருந்து எடுத்தீங்களோ அதே இலையைக் கொடுக்கணும். வேறு கொடுத்தால் பல புழுக்கள் தின்னாமல் செத்துப்போகும். அப்படி ஒரே ஒரு செடியை மட்டுமே தின்னும் புழுக்கள் இருப்பதை மேரியன் எழுதி வைத்திருக்கிறார். ஒரு லேப் ரெக்கார்டுக்குத் தேவையான எல்லாமே அவர் குறிப்புகளில் உண்டு: எங்கே கிடைத்தது, என்ன தின்றது, எத்தனை நாள் கூட்டில் இருந்தது, கடைசியில் என்ன வெளியே வந்தது.

பதினெட்டு வயதில் கல்யாணம். மாப்பிள்ளை யோஹான் கிராஃப், மாரெலிடம் படித்த ஓவியர். குடும்பம் நியூரம்பெர்க்குக்குக் குடிபோனது. இரண்டு பெண் குழந்தைகள், யோஹானா ஹெலேனாவும் டொரோதியா மரியாவும். மேரியன் வசதியான வீட்டுப் பெண்களுக்குப் பூ வரையவும் பூத்தையல் போடவும் சொல்லிக்கொடுத்தார், வண்ணங்கள் விற்றார். இதற்கு நடுவே புழு வேலையும் நடந்தது. அந்த மாணவிகளின் தோட்டங்களுக்குள் போக முடிந்தது ஒரு வசதி.

1679-இல் கம்பளிப்பூச்சிப் புத்தகத்தின் முதல் பாகம் வந்தது. ஐம்பது தகடுகள், படங்களை வரைந்தவர் அவரே. தலைப்பிலேயே கம்பளிப்பூச்சிகளின் வியப்பான மாற்றத்தோடு அவற்றின் மலர் உணவையும் சேர்த்திருந்தார். அவருக்கு முன்னால் யோஹான்னெஸ் ஹூடார்ட் என்ற டச்சுக்காரர் பூச்சிகளின் மாற்றத்தை வரைந்து புத்தகம் போட்டிருந்தார். அதில் புழு இருக்கும், கூடு இருக்கும், பூச்சி இருக்கும். செடி இருக்காது. மேரியனின் பக்கத்தில் நடுவில் நிற்பதே செடிதான். தண்டில் முட்டை, இலையில் புழு, அது கடித்த ஓட்டை, கிளையில் கூடு, மேலே பறக்கும் அந்துப்பூச்சி. ஒரு உயிரின் மொத்த வாழ்க்கையும் அதன் சாப்பாட்டின் மேலேயே. இன்றைக்கு எந்த வண்ணத்துப்பூச்சிப் புத்தகத்தை எடுத்தாலும் உணவுச்செடி என்று ஒரு வரி இருக்கும் இல்லையா, அந்த வரியை அவர் படமாகவே போட்டுவிட்டார்.

ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. சில கூடுகளிலிருந்து அந்துப்பூச்சி வரவில்லை, சின்னச் சின்ன ஈக்கள் மாதிரி எதுவோ வந்தது. அவை ஒட்டுண்ணிப் பூச்சிகள். குளவி ஒன்று புழுவுக்குள் முட்டை வைத்துவிட்டுப் போகும், குஞ்சுகள் புழுவை உள்ளிருந்தே தின்று வளரும். மேரியனுக்கு இந்தக் கதை முழுசாகத் தெரியாது. ஆனாலும் வந்ததை வந்தபடி எழுதி, படத்திலும் சேர்த்தார். எதிர்பார்த்த ரீடிங் வராதபோது பக்கத்து பெஞ்ச் ரெக்கார்டைப் பார்த்து எழுதின அனுபவம் நமக்கெல்லாம் உண்டு. அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

செடிக்கும் பூச்சிக்கும் நடுவே நடப்பது என்ன என்று பின்னால் வந்தவர்கள் கண்டுபிடித்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். செடியால் ஓட முடியாது. அதனால் வேதிப்பொருள் தயாரிக்கும். கசப்பு, காரம், விஷம், பால். பெரும்பாலான பூச்சிகளை இது விரட்டிவிடும். ஆனால் ஏதோ ஒரு பூச்சிக் குடும்பம் அந்த விஷத்தைத் தாங்கப் பழகிவிட்டால், அதற்கு அந்தச் செடி போட்டியே இல்லாத மெஸ் ஆகிவிடும். அதன் பிறகு அதே விஷம் அடையாளமாக மாறுகிறது. கறிவேப்பிலைக்கு வரும் தாய் வண்ணத்துப்பூச்சி இலை மேல் உட்கார்ந்து முன்னங்கால்களால் தட்டித் தட்டிப் பார்க்கும். காலில் ருசி உணரும் முடிகள் இருக்கின்றன. சரியான வேதிப்பொருள் இருந்தால்தான் முட்டை வைக்கும். பால் எர்லிக், பீட்டர் ரேவன் என்ற இரண்டு பேர் 1964-இல் வண்ணத்துப்பூச்சிகளையும் அவற்றின் செடிகளையும் அட்டவணை போட்டுப் பார்த்து, இரண்டு பக்கமும் ஒன்றை ஒன்று மாற்றிக்கொண்டே வந்திருக்கின்றன என்று வாதிட்டார்கள். அவர்கள் கேட்ட கேள்வியும் மேரியன் கேட்டதுதான், எந்தப் புழு எந்தச் செடியில்?

சரி, கதைக்கு வருவோம். 1680-களின் நடுவில் மேரியன் கணவரை விட்டுவிட்டு, வயதான அம்மாவையும் இரண்டு மகள்களையும் கூட்டிக்கொண்டு நெதர்லாந்தின் ஃபிரீஸ்லாந்துக்குப் போனார். அங்கே வால்தா என்ற மாளிகையில் லபாடியர் என்ற கிறிஸ்தவக் குழு இருந்தது. சொந்தச் சொத்து கிடையாது, எளிமையான உடை, கடுமையான ஒழுங்கு. கணவர் தேடி வந்தார். மேரியன் திரும்பிப் போகவில்லை. ஏன் பிரிந்தார் என்பதற்குப் பல ஊகங்கள் உண்டு, அவற்றை நான் இங்கே எழுதப் போவதில்லை. அந்த மாளிகையின் சொந்தக்காரர் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் தென் அமெரிக்காவில் சுரினாம் என்ற டச்சுக் காலனியின் ஆளுநர். அங்கிருந்து வந்த பூச்சிகளை மேரியன் பார்த்தது அப்போதுதான்.

அம்மா இறந்தபின் 1691-இல் ஆம்ஸ்டர்டாம். ஊரே வியாபாரம். பணக்காரர்களின் வீடுகளில் காட்சிப் பெட்டிகள், அவற்றில் கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் கப்பலில் வந்த பூச்சிகள் ஊசி குத்தி வரிசையாக. மேரியன் போய்ப் பார்த்தார், வியந்தார். ஆனால் அவருக்கு ஒரு குறை. எல்லாம் செத்த பூச்சிகள். எந்தப் புழுவிலிருந்து வந்தது, அந்தப் புழு எதைத் தின்றது, யாருக்கும் தெரியவில்லை.

தெரிந்துகொள்ள ஒரே வழி நேரில் போவது. 52 வயதில் போக முடிவெடுத்தார். எந்த ராஜாவும் பணம் கொடுக்கவில்லை, எந்தக் கம்பெனியும் அனுப்பவில்லை. தன் ஓவியங்கள் 255-ஐ விற்றார். உயில் எழுதி வைத்தார். இளைய மகள் டொரோதியாவோடு 1699 கோடையில் கப்பல் ஏறினார். டொரோதியாவுக்கு அப்போது 21 வயது. எனக்கும் இப்போது 21. என்னை யாராவது புழு பார்க்க அட்லாண்டிக்கைத் தாண்டக் கூப்பிட்டால் முதலில் ப்ளேஸ்மென்ட் முடியட்டும்னுதான் சொல்லியிருப்பேன்.

சுரினாம் பற்றி ஒரு தகவல்: 1667-இல் ஆங்கிலேயருக்கும் டச்சுக்காரர்களுக்கும் நடந்த உடன்படிக்கையில் சுரினாம் டச்சுக்காரர்களிடம் இருந்தது, நியூயார்க் ஆங்கிலேயர்களிடம் போனது. அன்றைக்கு அது டச்சுக்காரர்களுக்கு நஷ்டமாகத் தெரியவில்லை. காரணம் கரும்பு. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகள் கரும்புத் தோட்டங்களில் உழைத்துச் செத்துக்கொண்டிருந்தார்கள். சர்க்கரையைத் தவிர வேறு எதையாவது தேடி வந்த இந்த அம்மாவைத் தோட்ட முதலாளிகள் கேலி செய்தார்கள். மேரியன் பதிலுக்கு, இங்கே வேறு எதையுமே பயிரிட்டுப் பார்க்க உங்களுக்கு அக்கறை இல்லையே என்ற மாதிரி எழுதியிருக்கிறார்.

இரண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக அங்கே இருந்தார். வெயில் தாங்கவில்லை. காட்டுக்குள் போக வழியே கிடையாது, முள்ளும் கொடியும் பின்னிக் கிடக்கும், ஆட்கள் கோடரியால் வெட்டி வெட்டித்தான் பாதை போட வேண்டும். அந்த ஆட்கள் யார்? அடிமைகள், அந்த மண்ணின் பூர்வகுடிகள். புழு கொண்டுவந்து கொடுத்தது அவர்கள். செடியின் பெயர், அது எதற்கு மருந்து, எதைத் தின்னலாம் என்று சொன்னதும் அவர்கள். மரவள்ளிக் கிழங்கின் விஷச் சாற்றைப் பிழிந்து எடுத்துவிட்டு ரொட்டி சுடுவதை மேரியன் எழுதியிருப்பது அவர்களைப் பார்த்துத்தான். அந்தக் காலத்து ஐரோப்பியர்களோடு ஒப்பிட்டால், இது அவர்கள் சொன்னது என்று ஒப்புக்கொண்டதே அபூர்வம். ஆனால் ஒருவர் பெயரைக்கூட எழுதவில்லை. அவருக்கு வேலை செய்தவர்களிலும் அடிமைகள் இருந்தார்கள். அவரைப் புகழ்ந்து எழுதும் பல இடங்களில் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

1701 ஜூனில் உடம்பு முடியாமல் கிளம்பினார். மலேரியாவாக இருக்கலாம் என்கிறார்கள். கப்பலில் ஒரு பூர்வகுடிப் பெண்ணும் கூட வந்தார். ஆம்ஸ்டர்டாமில் புத்தக வேலைக்கு அவர் சொன்ன தகவல்கள் உதவியிருக்கலாம். அவர் பெயரும் இல்லை.

1705-இல் சுரினாம் பூச்சிகளின் உருமாற்றம் பற்றிய அந்தப் பெரிய புத்தகம் வந்தது. அறுபது தகடுகள், டச்சு மொழியிலும் லத்தீனிலும். முதல் படம் பூத்திருக்கும் அன்னாசி, அதன் மேல் கரப்பான்பூச்சிகள். ஐரோப்பாவில் அன்னாசி என்றால் அரண்மனை விருந்தில் வைக்கும் பழம். அதில் கரப்பானை ஏற்றி முதல் பக்கத்தில் போட ஒரு துணிச்சல் வேண்டும்.

பதினெட்டாவது படம்தான் அவரை மாட்டிவிட்டது. ஒரு கொய்யாக் கிளை. இலைவெட்டி எறும்புகள் இலைகளை அறுத்துக்கொண்டிருக்கின்றன. எறும்புகளே ஒன்றோடு ஒன்று கோத்துப் பாலம் போடுகின்றன. கீழே ஒரு பெரிய டாரன்டுலா சிலந்தி ஒரு ஹம்மிங்பேர்டைப் பிடித்து வைத்திருக்கிறது. நூறு வருஷம் கழித்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் சில இயற்கை ஆய்வாளர்கள் இதை எடுத்து வைத்துக்கொண்டு திட்டித் தீர்த்தார்கள். சிலந்தி பறவையைத் தின்னுமா, பொம்பளை யாரோ சொன்ன கதையை நம்பி வரைந்திருக்கிறார் என்கிற தொனி. அப்படித் திட்டிய லான்ஸ்டவுன் கில்டிங் சுரினாமுக்குப் போனதே இல்லை. 1863-இல் ஹென்றி வால்டர் பேட்ஸ், அமேசான் காட்டில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர், பறவையைப் பிடித்து வைத்திருந்த சிலந்தியைத் தான் பார்த்ததாக எழுதினார். அதன் பிறகு அந்தப் பேச்சு அடங்கியது.

எறும்பு விஷயத்தில் மேரியன் இரண்டு வகை எறும்புகளின் பழக்கத்தை ஒன்றாகக் கலந்துவிட்ட மாதிரி தெரிகிறது. பாலம் கட்டுவதும் வீட்டுக்குள் படையெடுப்பதும் வேறு எறும்பு. அதோடு, இலைவெட்டி எறும்பு இலையைத் தின்பதே இல்லை. புற்றுக்குள் அதை உரமாகப் போட்டுக் காளான் வளர்த்து, அந்தக் காளானைத்தான் தின்னும். தாமஸ் பெல்ட் இதைச் சொன்னது 1874-இல். இன்னொரு தப்பும் உண்டு. பெரிய தலையோடு இருக்கும் ஒரு பூச்சியை ஒரு பெட்டியில் போட்டு வைத்ததாகவும், இரவில் சத்தம் கேட்டுத் திறந்தபோது தீ மாதிரி வெளிச்சம் வந்ததாகவும் எழுதியிருக்கிறார். அந்தப் பூச்சி ஒளிர்வதே இல்லை. அதை நம்பி லின்னேயஸ் விளக்குப்பூச்சி என்று அர்த்தம் வரும் பெயரையே வைத்துவிட்டார். பெயர் இன்னும் இருக்கு, வெளிச்சம்தான் இல்லை.

நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தது 45-ஆவது படம். அதில் இருக்கும் செடி உங்களுக்கும் தெரியும். மயில்கொன்றை. பஸ் ஸ்டாண்டு ஓரம், பள்ளிக்கூட வேலி, பக்கத்து வீட்டுக் காம்பவுண்டு என்று எங்கேயும் சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்து நிற்குமே, அதேதான். மேரியன் அந்தப் படத்துக்குக் கீழே எழுதியது பூச்சியைப் பற்றி மட்டும் இல்லை. அடிமைப் பெண்கள் இதன் விதையைக் கருக்கலைக்கப் பயன்படுத்துகிறார்கள் என்று எழுதினார். தங்கள் பிள்ளைகளும் அடிமைகளாகப் பிறக்க வேண்டாம் என்று. அவர்களை அவ்வளவு கொடுமைப்படுத்துகிறார்கள், சிலர் தங்கள் உயிரையே மாய்த்துக்கொள்கிறார்கள், செத்தால் சொந்த நாட்டில் சுதந்திரமாகப் பிறப்போம் என்று நம்புகிறார்கள், இதை அந்தப் பெண்களே என்னிடம் சொன்னார்கள் என்று சேர்த்திருக்கிறார். தோட்ட முதலாளியிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். புழு தேடி வந்த ஒரு பொம்பளையிடம் சொன்னார்கள். செடி ஐரோப்பாவுக்கு அழகுச் செடியாகப் போய்ச் சேர்ந்தது. நான் பதினைந்து வருஷமாக இந்தப் பூவைப் பார்க்கிறேன், இப்போதுதான் நின்று பார்த்தேன்.

இதே படத்தில் ஒரு வேடிக்கையும் இருக்கு. மயில்கொன்றையில் அவர் போட்டிருக்கும் பச்சைப் புழு புகையிலைப் புழு என்று பின்னால் அடையாளம் கண்டிருக்கிறார்கள். அது புகையிலை, தக்காளிக் குடும்பத்துச் செடிகளைத் தின்பது, மயில்கொன்றைக்கு வரும் ஆள் இல்லை. எந்தப் புழு எந்தச் செடியில் என்று வாழ்நாள் முழுக்கக் கேட்டவர், அவருடைய மிக முக்கியமான படத்திலேயே செடியை மாற்றிப் போட்டுவிட்டார் போல. ஆனால் அந்தப் புழுவைத்தான் இன்றைக்குச் செடி–பூச்சி ஆராய்ச்சிக் கூடங்களில் அதிகமாக வளர்க்கிறார்கள். அது கடிக்க ஆரம்பித்ததும் புகையிலைச் செடி வேரில் நிக்கோடினைக் கூடுதலாகத் தயாரித்து இலைக்கு அனுப்புகிறது. புழுவுக்கு நிக்கோடின் தாங்கும். அதனால் செடி இன்னொன்றும் செய்கிறது. கடிபட்ட இலையிலிருந்து ஒரு வாசனை கிளம்பும், அதை மோப்பம் பிடித்து, புழுவையும் அதன் முட்டையையும் தின்னும் பூச்சிகள் வந்து சேரும்.

புத்தகம் பெயர் கொடுத்தது, பெரிய பணம் கொடுக்கவில்லை. மேரியன் வண்ணம் விற்று, பதப்படுத்திய பூச்சிகளை விற்று, படம் வரைந்து காலம் தள்ளினார். 1715-இல் பக்கவாதம் வந்தது. 1717 ஜனவரி 13, ஆம்ஸ்டர்டாமில் இறந்தார். அப்போது ரஷ்ய ஜார் பீட்டர் அந்த ஊரில்தான் இருந்தார். அவருடைய மருத்துவர் மேரியனின் ஓவியங்களையும் குறிப்புப் புத்தகத்தையும் வாங்கினார். பின்னால் லின்னேயஸ் பல உயிரினங்களுக்குப் பெயர் வைக்கும்போது பூச்சியைப் பார்க்காமல் மேரியனின் படத்தைப் பார்த்தே வைத்தார். அந்தப் பறவை தின்னும் சிலந்திக்கு வைத்த பெயரும் அப்படி வந்ததுதான்.

கம்பளிப்பூச்சிப் புத்தகத்தின் மூன்றாம் பாகத்தை அம்மா இறந்த வருஷமே டொரோதியா வெளியிட்டார். அப்புறம் கணவரோடு செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்குப் போய், அங்கே ஜாரின் சேகரிப்புக்கு வரைந்தார். குறிப்புப் புத்தகம் இன்றும் அதே ஊரில், ரஷ்ய அறிவியல் கழக நூலகத்தில் இருக்கிறது. சின்னச் சின்னக் கன்றுத்தோல் துண்டுகளில் வரைந்த படங்கள், ஒவ்வொன்றுக்கும் நீலக் காகிதத்தில் சட்டம், எதிரே அவர் கையெழுத்தில் குறிப்பு. முதலில் இருப்பது ஃபிராங்ஃபர்ட்டில் வளர்த்த அந்தப் பட்டுப்புழு.